கடல் காற்றின் மேல் ஒரு கண்டனத் தீர்மானம்

ஈத்தவிளைக்குக் குடிக்க நல்ல கிணறு கிடையாது. சந்தைக்குக் கூரை கிடையாது. இராஜாக்கமங்கலம் போகிற சாலையில் நாலு தூறல் விழுந்தால் வண்டிமாடு முட்டளவு சேற்றில் நின்றுகொண்டு வண்டிக்காரனைத் திரும்பிப் பார்க்கும். ஆனால் கமிட்டி உண்டு. ஈத்தவிளைத் தேகாரோக்கிய சம்ரக்ஷணக் கமிட்டி. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறவர்தான் அதற்குப் பிரெசிடென்ட் ஆகலாம் என்று ஊரில் ஒரு பேச்சு. சத்தியநேசன் அப்படித்தான் ஆனார். கச்சேரி உத்தியோகத்தில் இருந்து விலகி வந்தவர். விலகின பிறகும் கோட்டைக் கழற்றவில்லை. பங்குனி வெயிலிலும் கழற்றவில்லை.

கமிட்டிக்கு ஒரு மேஜை இருந்தது, ஒரு மணி இருந்தது, ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. கழுத்தில் விசில் தொங்கவிட்ட பகவதியப்பன் என்கிற இன்ஸ்பெக்டரும், ஞானதாசன் என்கிற டாக்டரும் இருந்தார்கள். தலையாட்ட மெம்பர்கள் நாலைந்து பேர். ஒரு ஊர் ஆரோக்கியமாக இருக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

செல்லக்கனி சந்தையில் ஆப்பம் சுடுகிறவள். பூவரச மரத்தடியில் மூன்று கல், ஒரு சட்டி, ஒரு மாவுப்பானை, அவ்வளவுதான் கடை. ஓரம் வலைப்பின்னல் மாதிரி முறுகி, நடு பஞ்சு மாதிரி பொங்கி வரும் அவள் ஆப்பத்துக்குத் திருவட்டாறு பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள்கூட வழியில் வண்டியை நிறுத்துவார்கள். சந்தைக்கு ஒரு வழக்கம். அடுப்பு எரிகிறவளுக்கே இடம். ஒரு அமாவாசை தொட்டு மறு அமாவாசை வரை சாம்பல் குளிர்ந்து கிடந்தால், எவன் வேண்டுமானாலும் அந்தக் கல்லைப் புரட்டிவிட்டுத் தன் கல்லை வைத்துக்கொள்ளலாம். மறுகோடியில் வெயிலில் காப்பி கிளப்பு நடத்தி வந்த ரத்தினத்துக்கு அந்தப் பூவரச நிழல் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

இடம் போகக் கூடாது என்றுதான், செல்லக்கனி வீட்டுக்குத் தூரமாகிப் பின்பக்கச் சாய்ப்பில் ஒதுங்கி உட்காரும் நாட்களில், அவள் புருஷன் முத்துநாயகம் வந்து ஆப்பம் ஊற்றுவான். அவன் வண்டிக்காரன். மாட்டை அறிந்த அளவு அவன் மாவை அறியமாட்டான். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை மாவு. மாதாமாதம் அந்த மூன்று நாளும் ஈத்தவிளை முழுவதும் கருகின ஆப்பம் தின்னும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? பிரெசிடென்ட் வீட்டுக்கும் அந்த ஆப்பம்தான் போகும். அவரும் கரியைச் சுரண்டிவிட்டு, வாயைத் திறக்காமல் தின்பார்.

ஒரு வருஷத்துக்கு மேலாக ஆப்பம் கருகவே இல்லை.

ஆப்பம் கருகாமல் போன நாளில் இருந்து செல்லக்கனியின் தோலும் ஒரு தினுசாக மாறிவிட்டது. நேற்று வரைக்கும் இறுக்கமாக இருந்த கன்னம் தளர்ந்தது. கண்ணோரம் கோடு விழுந்தது. முழங்கையில் சொறிந்தால் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. சட்டியின் விளிம்பு லேசாகப் பட்டாலும் தோல் உரிந்துவிட்டது. முன்பெல்லாம் அந்தச் சூட்டை அவள் தோல் மதித்ததே இல்லை. இதெல்லாம் போதாது என்று, நினைத்திராத நேரத்தில் நெஞ்சுக்கூட்டில் இருந்து ஒரு தீ எழும்பி முகத்துக்கு வந்து, வேர்த்துக் கொட்டிவிட்டுப் போகும். அந்த நேரத்தில் தெற்கில் இருந்து கடல் காற்று ஒரு வீச்சு வீசினால்தான் உயிர் திரும்பும்.

பக்கத்துச் சாக்கில் வெற்றிலை விற்கிற கதீஜா உம்மாளிடம் ஒரு நாள் கையை நீட்டிக் காட்டினாள்.

“எக்கா, இதப் பாருங்கோ. ஓணான் தோலு மாதிரி ஆயிட்டு.”

கதீஜா உம்மாள் கையைப் பார்க்கவே இல்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். “நின்னு எம்புட்டு நாளாச்சு?”

“வருசம் கழிஞ்சுது.”

“பின்ன என்னட்டி? எனக்கும் இதேதான். நின்ன வருசமே முகம் அயிலைக் கருவாடு மாதிரி ஆயிப்போச்சு. தேங்காண்ணெ தேய்ச்சேன்.”

“செரியாச்சா?”

“இப்போ எண்ணெ தேய்ச்ச கருவாடு மாதிரி இருக்கேன். சவத்த விடு, மாவு பொங்குது பாரு.”

இரண்டு வரியில் முடிந்துபோன இந்த விஷயத்தைத்தான் கமிட்டி கையில் எடுத்தது.

பகவதியப்பன் சந்தையைச் சுற்றி வரும்போது செல்லக்கனி முழங்கையைச் சொறிந்தாள். விசில் ஊதப்பட்டது. சந்தையே திரும்பிப் பார்த்தது. பகவதியப்பன் இரண்டு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டு, கையில் இருந்த பிரம்பால் அவள் முழங்கையைச் சுட்டினார்.

“ஏ பொம்பளே, அது என்ன பொடி?”

“தோலு அய்யா. காஞ்சு கெடக்கு.”

“தோலு ஏன் காயணும்? எனக்குக் காயுதா? ரத்தினத்துக்குக் காயுதா? சர்வ ஜனங்களும் திங்கிற வஸ்துவில தோலா? அடுப்பை அணை!”

“பெருவியாதியா இருக்குமோ, குஷ்டம்?” என்று ரத்தினம் தூரத்தில் இருந்து மிகுந்த கவலையோடு கேட்டான். கவலையில் அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுப்பு அணைக்கப்பட்டது. கமிட்டி கூடிப் பரிசோதித்து, தோல் சுத்தமானது என்று சொல்லும் வரைக்கும் செல்லக்கனி நெருப்பு மூட்டக் கூடாது. அவள் வீட்டு அடுப்பும் சந்தேகத்துக்கு உரியது என்பதால் முத்துநாயகமும் மூட்டக் கூடாது. அன்றைக்கு அமாவாசை கழிந்த மறுநாள். பிறை வளர வளர ரத்தினம் தினமும் காலையில் வந்து, சாம்பலில் கால் பெருவிரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

கமிட்டி உடனே கூடவில்லை. மேஜைக்குப் புது விரிப்பு வரவேண்டி இருந்தது. பௌர்ணமி கழிந்துதான் விரிப்பு வந்தது. கூட்டம் கடவுள் வாழ்த்தோடு தொடங்கியது. பிரெசிடென்ட்டுக்கு மாலை போட்டார்கள். போட்டவருக்குப் பிரெசிடென்ட் நன்றி சொன்னார். நன்றிக்கு ஒரு மெம்பர் நன்றி சொன்னார். செல்லக்கனி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பதே இவர்களுக்கு மறந்துபோயிற்றோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கதீஜா உம்மாளோடு பாதிச் சந்தையும் நின்றது.

சத்தியநேசன் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“மகா ஜனங்களே! தோல் என்பது தேகமாகிய ராஜ்யத்தின் கோட்டைச் சுவர். சுவரில் விரிசல் கண்டால் காவலாளி கேள்வி கேட்பான். அந்தக் காவலாளிதான் இந்தக் கமிட்டி. இதில் ஸ்திரீகள் ஒருவரும் இல்லையே என்று சிலர் குறை சொல்லுகிறார்கள். ஸ்திரீகளின் தேகத்தைப் பற்றிப் பட்சபாதம் இல்லாமல் முடிவு சொல்ல, அதைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களே தகுதியானவர்கள். அந்தத் தகுதி எங்களுக்குப் பரிபூரணமாக உண்டு.”

மெம்பர்கள் கை தட்டினார்கள்.

டாக்டர் ஞானதாசன் ஒரு கோழி இறகை எடுத்தார். கண்ணை மூடச் சொல்லி, இறகு படும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னார். தொட்ட இடமெல்லாம் செல்லக்கனி காட்டினாள். காட்டிக்கொண்டே இருந்தவளுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது.

“உணர்ச்சி இருக்கிறது. பெருவியாதி இல்லை” என்றார் டாக்டர்.

“சிரிக்கிறாளே, அது என்ன வியாதி?” என்று கேட்டார் ஒரு மெம்பர்.

பூதக்கண்ணாடி மேஜையைச் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் அவள் கையைப் பார்த்து ‘ஹூம்’ என்றார்கள். பிரெசிடென்ட் மட்டும் கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை விட ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்தார். பதவி என்று ஒன்று இருக்கிறதே.

“காரணம் என்ன?” என்று கேட்டார்.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். மேலே பார்த்தார். தண்ணீர் குடித்தார். கமிட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. ஸ்திரீகளின் கழுத்துக்குக் கீழ்ப்பட்ட சமாசாரம் எதுவும் கமிட்டியின் காதில் விழலாகாது. கை மட்டும் விலக்கு. ஆப்பம் ஊற்றும்போது அது மேலே வந்துவிடுகிறது என்று பகவதியப்பன் விளக்கம் சொல்லியிருந்தார்.

செல்லக்கனிக்கு டாக்டரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“அய்யா, இதுக்கு எதுக்கு இம்புட்டு முக்கல்? எனக்குத் தீட்டு நின்னு போச்சு. அதான் தோலு காஞ்சு போச்சு. வேற ஒண்ணும் இல்ல.”

பிரெசிடென்ட் மணியை அடித்தார். அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு மெம்பர் காதைப் பொத்தினார். இன்னொருவர் மேஜை விரிப்பைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார்.

“அந்த வார்த்தை சொல்லப்படவில்லை!” என்றார் சத்தியநேசன்.

“இப்போதானே அய்யா சொன்னேன்? வேணும்னா இன்னும் ஒருக்கா…”

“சொல்லப்படவில்லை! ஆகையால் காரணம் இன்னும் தெரியவில்லை. ஸ்திரீயின் தேக சமாசாரத்தைப் புருஷன் மூலமாகவே கமிட்டி கேட்கும்.”

முத்துநாயகம் கூப்பிடப்பட்டான். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறும் மார்போடு வந்து நின்றான். நாலு பெரிய மனுஷர் முன்னால் பெண்டாட்டி விஷயத்தை எப்படிச் சொல்வது? மாட்டுக்கு என்றால் வாலில் இருந்து கொம்பு வரைக்கும் சொல்லிவிடுவான். செல்லக்கனியைப் பார்த்தான். ‘சொல்லு, வாய்ல கொழுக்கட்டையா?’ என்றது அவள் பார்வை.

“அய்யா” என்றான். “நான் ஆப்பம் சுட்டு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு.”

ஒவ்வொரு மெம்பர் நாக்கிலும் அந்தக் கரி ருசி வந்து போயிற்று. எல்லோருக்கும் புரிந்தது. புரிந்தது என்பது எல்லோருடைய முகத்திலும் தெரிந்தது. பிரெசிடென்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“கமிட்டிக்கு இது புரியவில்லை என்று நான் தீர்மானிக்கிறேன்” என்றார்.

“ஆமோதிக்கிறேன்” என்றார் பகவதியப்பன்.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. வெளியே வந்து கால் கழுவிக்கொண்டிருந்த டாக்டரைச் செல்லக்கனி மடக்கினாள்.

“டாக்டரய்யா, உமக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா?”

ஞானதாசன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தெரியாம என்னம்மா? மெட்றாஸ்ல இருந்து வாற பத்திரிகையில படிச்சிருக்கேன். கர்ப்பப்பைக்குப் பக்கத்துல அண்டாசயம்னு ஒண்ணு உண்டு, அதுல ஒரு சாறு சுரக்கும். ரத்தத்துல கலந்து உடம்பு பூரா ஓடும். அது வத்தும்போது தோலுக்கு அடியில இருக்க ஈரமும் எண்ணெயும் கொழுப்பும் கொறையும். தோலு மெலியும், சுருங்கும், அரிக்கும். திடீர்னு ஒடம்பு எரியும். எல்லாப் பொம்பளைக்கும் வாறதுதான். நோயே கெடையாது.”

“ஆகா! எம்புட்டு அழகாச் சொல்லுதீரு. இத உள்ள சொல்லப்படாதா?”

“உள்ளயா?” டாக்டர் பதறினார். “அங்க பிரெசிடென்ட்டுல்லா இருக்காரு!”

படித்த படிப்பெல்லாம் கால் கழுவுகிற இடத்தில் மட்டும்தான் உதவும் என்று செல்லக்கனிக்குத் தெரிந்தது. அன்று ரத்தினம் சாம்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் தன் கல்லில் ஒன்றைக் கொண்டுவந்து மரத்தடியில் சாத்தி வைத்துவிட்டான். ‘வெறுமனே வச்சிருக்கேன், அக்கா’ என்றான்.

ஒத்திவைத்த கூட்டத்தில் கமிட்டி தன் புத்தியின் உச்சத்துக்கு ஏறியது. காரணம் தெரியாத வியாதி பரவக்கூடியது என்று ஒரு மெம்பர் சொன்னார். அப்படியானால் ஒருத்தியோடு நிறுத்துவது அநியாயம் என்றார் மற்றவர். மறுநாள் தமுக்கு அடித்துக்கொண்டு ஆள் ஊரைச் சுற்றி வந்தான்.

“இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது! தோல் உலர்ந்து சுருங்கின ஸ்திரீகள் யாராக இருந்தாலும், பிறர் புசிக்கும் ஆகாரத்தைத் தொடப்படாது! ஆகாரத்தைத் தொடப்படாது!”

அந்தத் தமுக்குச் சத்தம் பிரெசிடென்ட் வீட்டு அடுக்களை வரைக்கும் கேட்டது. அங்கே அவர் மனைவி வியாகுலம்மாள் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. புளிச் சட்டிக்குள் இருந்த தன் கையைப் பார்த்தாள். பழைய பட்டுச் சேலையை மடித்து வைத்த மாதிரி இருந்தது அது. கையைக் கழுவினாள். அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். கூடத்தில் போய் உட்கார்ந்து விசிறிக்கொண்டாள்.

“சாப்பாடு?” என்று கேட்டார் மத்தியானம் வந்த சத்தியநேசன்.

“உங்க ஆளுதானே தமுக்கடிச்சான்? எனக்குத் தோலு சுருங்கிட்டு. நீங்கதானே அந்தப் ‘பிறர்’?”

அன்றைக்குப் பகவதியப்பன் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அவர் தாயார் காய் நறுக்கிற அரிவாள்மணையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். மெம்பர்கள் வீட்டிலும் அதே கதை. சந்தையில் அவல் இடிக்கிறவள், மோர் விற்கிறவள், மீன் கூடைக்காரி எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு போய் மர நிழலில் உட்கார்ந்தார்கள். பெரிய மனுஷர்கள் வரிசையாக ரத்தினத்தின் காப்பி கிளப்பில் நின்றார்கள். அவனிடம் முந்தாநாள் வடை இருந்தது. அதையும் சுட்டவள் அவன் மாமியார் என்று தெரிந்து, தின்ற பிறகு பகவதியப்பன் ஓரமாகப் போய் நின்று துப்பினார்.

அமாவாசைக்கு முந்தின நாள் கமிட்டி அவசரமாகக் கூடியது. கடவுள் வாழ்த்துப் பாட யாருக்கும் வயிற்றில் பலம் இல்லை. செல்லக்கனி முக்காலியை நோக்கி நடந்தாள். அதில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

வியாகுலம்மாள்.

“இங்கே என்ன?” என்றார் பிரெசிடென்ட். மணியை எடுத்தவர் அடிக்காமலே திரும்ப வைத்தார்.

“எனக்கும் பரிசோதனை வேணும்.” வியாகுலம்மாள் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு முழங்கையை மேஜை மேல் வைத்தாள். “இறகு எங்க? கண்ணாடி எங்க? பாருங்கோ. பாத்துட்டுக் காரணம் என்னன்னு கேளுங்கோ.”

ஒருவரும் பூதக்கண்ணாடியைத் தொடவில்லை.

“ஸ்திரீயின் சமாசாரம்… புருஷன் மூலமாக…” என்று தொடங்கின மெம்பர், புருஷன் யார் என்பது நினைவுக்கு வந்ததும் உட்கார்ந்துகொண்டார்.

“அதுவும் செரிதான்” என்றாள் வியாகுலம்மாள். “அவரு சொல்லட்டும். எழும்பி நின்னு, எம் பெஞ்சாதிக்கு என்ன ஆச்சுன்னு சபையில சொல்லுங்கோ. இல்லைன்னா நானே சொல்லுதேன். எந்த வருசம், எந்த மாசம்னு சேத்துச் சொல்லட்டா?”

“சொல்லுங்கக்கோ!” என்று ஜன்னலில் இருந்து கதீஜா உம்மாள் சத்தம் போட்டாள்.

சத்தியநேசனின் கழுத்துப் பட்டியில் இருந்து வேர்வை வழிந்தது. முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்த வாய் திறந்து திறந்து மூடிற்று. அந்த நேரம் பார்த்துத் தெற்கு ஜன்னல் வழியாக ஒரு வீச்சு வந்து மேஜை விரிப்பைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தது.

“காற்று!” என்று கத்தினார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“காற்று! கடல் காற்று! அதுதான் காரணம்!” விரிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து நின்றார். கோட்டு நிமிர்ந்தது, குரல் திரும்பியது. “மகா ஜனங்களே! கமிட்டியின் அயராத ஆராய்ச்சியால் குற்றவாளி பிடிபட்டான். டாக்டர்?”

ஞானதாசன் துள்ளி எழுந்தார். “கடல் காற்றில் உப்பு உண்டு. உப்பு ஈரத்தை உறிஞ்சும். விஞ்ஞானம்.”

“அப்போ அந்தக் காத்து ஆம்பளைய மட்டும் ஏன் தொடல்ல?” என்றாள் கதீஜா உம்மாள்.

“ஆண்கள் சட்டை அணிகிறார்கள்” என்றார் பிரெசிடென்ட். முன் வரிசையில் வெறும் மார்போடு நின்ற முத்துநாயகம் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

கடல் காற்றைக் கடுமையாகக் கண்டிப்பது என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று. ஸ்திரீகள் நிரபராதிகள். அடுப்புகள் எரியலாம். சந்தையின் தென்புறம் முழுவதும் உயரமாக ஓலைத் தட்டி கட்டிக் காற்று தடுக்கப்படும். வியாகுலம்மாள் ரவிக்கைக் கையை இறக்கிவிட்டு எழுந்தாள். செல்லக்கனியைக் கடந்து போகும்போது லேசாக நின்றாள்.

“நாளைக்கு வீட்டுக்கு ஆப்பம் கொடுத்தனுப்பு மக்கா. எனக்கு முறுகினது. அவருக்குக் கருகினது.”

மறுநாள் விடியும்போது மூன்று கல்லுக்கு நடுவில் நெருப்பு எரிந்தது. சாம்பலில் காலை விட வந்த ரத்தினம் பெருவிரலைச் சுட்டுக்கொண்டு, தான் சாத்தி வைத்த கல்லைத் தானே தலையில் சுமந்துகொண்டு திரும்பினான்.

தட்டி கட்டி முடித்ததும் திறப்பு விழா நடந்தது. காற்று வராத இடத்துக்குத் திறப்பு விழா என்றால் எப்படி என்று ஊருக்குக் குழப்பம். மாலை போட்டார்கள், நன்றி சொன்னார்கள். “சமுத்திரமே, உன் அட்டூழியம் இன்றோடு முடிந்தது!” என்று சத்தியநேசன் தெற்கே கை நீட்டிப் பேசினார். தட்டி மறைத்ததால் சமுத்திரம் தெரியவில்லை.

விழா முடிந்து சந்தை கூடிற்று. ஓர் இலை ஆடவில்லை. புகை மேலே போகாமல் அடுப்பையே சுற்றிற்று. செல்லக்கனி மாவை அள்ளும்போது அது வந்தது. நெஞ்சுக்கூட்டில் கிளம்பிற்று, கழுத்துக்கு ஏறிற்று, கன்னத்தில் தீயாகப் பற்றிக்கொண்டது. வழக்கம்போல் தெற்கே முகத்தைத் திருப்பினாள். ஓலை.

“எக்கா, எனக்கு எரியுது.”

“எனக்கு மட்டும் குளிருதா?” என்றாள் கதீஜா உம்மாள். அவள் முகமும் வேர்த்து வழிந்தது.

செல்லக்கனி தேங்காய் உடைக்கிற வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தட்டியில் தன் முகம் போகும் அளவுக்கு ஓலையை வெட்டினாள். கடல் காற்று உள்ளே பாய்ந்து வேர்த்த முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். கதீஜா உம்மாள் பின்னாலேயே வந்து கத்தியை வாங்கிக்கொண்டாள். பிறகு அது அவல்காரி கைக்குப் போயிற்று. அங்கிருந்து மோர்க்காரிக்கு, அப்புறம் மீன்காரிக்கு. சாயங்காலம் சந்தைக்கு வந்த வியாகுலம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. கத்தியை வாங்கி, மற்றவர்களுடையதை விடக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் தட்டியைப் பார்வையிட வந்த கமிட்டி, அது முழுவதும் முகம் முகமாக ஓட்டை விழுந்து கிடப்பதைக் கண்டு திகைத்தது. பூதக்கண்ணாடி கொண்டுவரப்பட்டது. ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ‘ஹூம்’ என்றார்கள். கத்தி வெட்டு என்பது எல்லோருக்கும் புரிந்தது.

“கடல் காற்றின் மூர்க்கத்தைப் பாருங்கள்!” என்றார் சத்தியநேசன்.

“ஆமோதிக்கிறேன்” என்றார் பகவதியப்பன்.

செல்லக்கனி ஓட்டைக்குள் இருந்து முகத்தை எடுத்து, இவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.